மச்சானின் டொலர் வகுப்புக்கு நான் சுட்ட அப்பிள் பை

அந்த மனிதனை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசல் ஆட்கள் வந்து சமாதானம் பேசினார்கள். என் கணவர் கட்டாரிலிருந்து போன் எடுத்து விட்டுவிடச் சொன்னார். நான் விடவில்லை.

என் பெரியம்மாவின் மகளுடைய புருஷன் அவர். அவளை ராத்தா என்பேன், அவரை மச்சான் என்பேன். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ராத்தாவின் வீடு. அவளுடைய வாப்பா கடலுக்குப் போய்ச் சம்பாதித்து, மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த மேல்மாடி வீடு. மச்சான் ஒரு பெட்டியோடு அதற்குள் வந்து சேர்ந்தவர். எங்கள் பக்கத்தில் எல்லா மாப்பிள்ளைமாரும் அப்படித்தான் வருகிறார்கள், அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அந்த மேல்மாடியில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வகுப்புத் தொடங்கினார். புதிதாகப் பழகும் பெண்களுக்கு நாணய வியாபாரம். ஒரு நாட்டுக் காசை வாங்கி, விலை ஏறினதும் விற்க வேண்டும், எல்லாம் போனிலேயே முடியும் என்றார். நூறு டொலர் போட்டால் பத்தாயிரம் டொலருக்கு வியாபாரம் செய்யலாம் என்று வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார். பத்தாயிரத்துக்கு வியாபாரம் செய்தால் பத்தாயிரத்தின் வேகத்தில்தான் நூறு கரையும். அதை அவர் எழுதவில்லை.

நாங்கள் இருபத்திரண்டு பெண்கள். ஆசிரியைமார் இருந்தார்கள், தையல்காரி இருந்தாள், கேக் செய்து விற்கும் நான் இருந்தேன். முதல் நாள் எல்லோரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம்.

"மச்சான், இதுல வட்டி இரிக்கா?"

அவர் சிரித்தார். "ஒங்களுக்காகத்தான் வட்டி இல்லாத கணக்கு எடுத்து வச்சிரிக்கன்."

காசை வாங்கும் கொம்பனி அதற்குக் கொடுத்த ஒரு கடிதமும் காட்டினார். வட்டி இல்லை என்றதும் எங்களுக்கு மனசு ஆறிவிட்டது. காசு எங்கே போகிறது, எப்படித் திரும்பி வரும், சொல்லிக் கொடுக்கிறவருக்கு இதில் என்ன கிடைக்கிறது, ஒருத்தியும் கேட்கவில்லை. ஹராம் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துக்கொண்டோம். இருபத்திரண்டு பேருக்கும் ஒரே மடத்தனம்.

நான் போட்டது மகளின் வீட்டுக் கூரைக் காசு. மகள் உயர்தரம் படிக்கிறாள். எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம் அவளுக்கு ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது, சுவர் முடிந்திருந்தது. புருஷன் அனுப்பியதும் நான் கேக்கில் சேர்த்ததும் கூரைக்கென்று இருந்தன. இரண்டு மாதத்தில் இரட்டிப்பாக்கி ஓடும் போட்டு நிலத்துக்கு மாபிளும் பதிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். புருஷனிடம் சொல்லவில்லை.

பழகுவதற்கென்று போனில் தந்த பொய்க் காசில் முதல் வாரம் நான் வென்றேன். உண்மைக் காசில் மூன்று வாரம் தாங்கினேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வாங்கி விற்க வேண்டும், அப்போதுதான் கை பழகும் என்று மச்சான் தினமும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவார். நானும் மா குழைத்த கையைத் துடைத்துத் துடைத்து யூரோவை வாங்கினேன், விற்றேன். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே சின்ன இடைவெளி ஒன்று இருக்கும். ஒவ்வொரு தடவையும் அது ஒரு கடி கடிக்கும். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரத்தில், மிச்சமிருந்ததும் போய்விட்டது. அவரிடம் போனேன். என்னிடம் பொறுமை இல்லை என்றார், பேராசை என்றார், வேறு காசு இருந்தால் போட்டு மீட்கலாம் என்றார்.

மகள்தான் கண்டுபிடித்தாள். அந்தக் கொம்பனியின் இணையத்தளத்தில், ஆள் சேர்த்துக் கொடுப்பவர்களுக்கென்று ஒரு படிவம் இருந்தது. அதை என் பெயரில் நிரப்பி அனுப்பினோம். விதிமுறைகள் மின்னஞ்சலில் வந்தன. நாம் சேர்த்துவிடும் ஆள் ஒவ்வொரு தடவை வாங்கி விற்கும்போதும் நமக்கு ஒரு பங்கு. அந்த ஆள் வென்றாலும் பங்கு, தோற்றாலும் பங்கு. பத்துத் தடவை ஏன் என்று அப்போது விளங்கியது. மகள் அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தந்தாள். இரண்டு மாதம் அந்தத் தாளை மா டின்னுக்கு அடியில் வைத்திருந்தேன்.

பிறகு ராத்தா போன் எடுத்தாள். சனிக்கிழமை இரண்டாவது வகுப்புத் தொடங்குகிறதாம், பத்தொன்பது பெண்கள் வருகிறார்களாம், தேத்தண்ணியோடு கொடுக்க நாலு அப்பிள் பை வேண்டுமாம். உப்பை அள்ளிப் போட்டு அனுப்புவோமா என்று உண்மையாகவே யோசித்தேன். ஆனால் கெட்டுப்போவது என் கைப்பேர். நான் பை சுடப் பழகிய காலத்தில் முதல் ஆறும் அடியில் ஊறிக் களியாகிப் போயின. ஒன்றையும் நான் விற்கவில்லை, கோழிக்குப் போட்டேன். மற்றவனின் காசில் பழக நான் மச்சான் இல்லை. சூடாகச் சாப்பிட வேண்டிய சாமான், உங்கள் குசினியிலேயே வந்து சுடுகிறேன் என்று ராத்தாவிடம் சொன்னேன்.

ஏழு மணிக்கே போய்விட்டேன். எங்கள் வெக்கைக்குப் பட்டர் உடனே உருகிவிடும். அதனால் அதைக் கல்லாக உறைய வைத்துக் கொண்டுபோய், தேங்காய் துருவுவது போல மாவுக்குள் துருவினேன். பட்டர் உருகாமல் மாவில் கிடந்தால்தான் மேல் ஓடு மொறுமொறுப்பாக வரும். ராத்தா அப்பிளைத் தோல் சீவி வெட்டினாள். சீனி, கறுவாப்பட்டைத்தூள், தேசிக்காய்ப் புளி போட்டுப் பிசறி வடிதட்டில் வடிய வைத்தேன். அரைமணி நேரத்தில் அப்பிள் தண்ணீரெல்லாம் விட்டுவிடும். அந்தத் தண்ணீரைத் தனியாக வற்றக் காய்ச்சிப் பாகாக்கி மேலே ஊற்ற வேண்டும், அப்படியே போட்டால் அடித்தட்டு ஊறும். நாலு தட்டிலும் மாவை விரித்து அப்பிளை நிரப்பி, மேலேயும் மாவால் மூடி, ஓரத்தைக் கிள்ளி, நீராவி போக நடுவில் கீறி ஓவனில் வைத்தேன். பிறகு தாளை எடுத்து ராத்தாவின் கையில் கொடுத்தேன்.

இரண்டு தடவை வாசித்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது.

"மேல வந்து ஒண்டும் கதைச்சிராத கா" என்றாள். "அவர்ர மானம் போயிரும்."

"என்ட மகள்ர கூர போன நேரம் ஆர்ர மானம் போன?"

பத்து மணிக்குப் பெண்கள் வந்து படியேறினார்கள். ஓடு பொன்னிறமானதும் பைகளை வெளியே எடுத்தேன். முதல் தட்டை நானே மேலே கொண்டுபோனேன். மச்சான் பலகையில் அதே நூறையும் பத்தாயிரத்தையும் எழுதியிருந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"மச்சான், இந்தப் புள்ளைகள் தோத்தா ஒங்களுக்குக் காசு வருமா, வராதா?"

அவர் பதறவில்லை. "இந்தப் பைய நீங்க சும்மாவா சுட்டுத் தந்த? படிச்சிக் குடுக்கிறவனுக்கும் வயிறு இரிக்கி."

பெண்கள் சிரித்தார்கள். பொறுமை இல்லாத சிலர் முதல் வகுப்பில் தோற்றார்கள், அது அவரவர் நசீபு, தலையெழுத்து என்று அவர் தொடர்ந்தார். புதிதாக வந்தவர்கள் தலையாட்டினார்கள். இந்த ஆள் இன்றைக்கும் தப்பிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ராத்தா தாளோடு வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்சப் பாருங்க, இதுல எழுதியிரிக்கிற பொய்யா?"

"நீ கீழ போ" என்றார்.

ஓம், பொய்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராத்தா நம்பியிருப்பாள். நம்பத்தான் அவள் வந்தாள். ஆனால் தான் யாருடைய மாடியில் நிற்கிறோம் என்பதை அவர் மறந்துவிட்டார்.

"இது என்ட வாப்பா கட்டித் தந்த வீடு. நான் ஏன் கீழ போற?" குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பிறகு பெண்களின் பக்கம் திரும்பினாள். "புள்ளைகள், இண்டையோட இஞ்ச வகுப்பு இல்ல. பையத் திண்டுட்டு ஊட்ட போங்க."

அவர்கள் தின்றுவிட்டுத்தான் போனார்கள். தாளைக் கைமாற்றி வாசித்துக்கொண்டே தின்றார்கள். மச்சான் பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றதை நான் சுவரோரம் நின்று ஆறுதலாகப் பார்த்தேன். அவசரப்படவில்லை. அந்தப் பார்வைக்காகத்தான் இரண்டு மாதம் காத்திருந்தேன்.

குசினியில் ராத்தா என் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளைக் கழுவினாள்.

"எனக்குத் தனியச் செல்லியிரிக்கலாம்."

"தனியச் செல்லியிருந்தா மூடி வச்சிரிப்பீங்க."

அவள் அடுத்த தட்டைக் கழுவ எடுத்தாள். அன்றிலிருந்து அவள் என் வீட்டுக்கு வருவதில்லை, பெருநாளைக்கும் வரவில்லை. அது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் செய்ததை மாற்றிச் செய்ய மாட்டேன். கூரைக் காசு திரும்பி வரவில்லை. மகளின் சுவர்கள் அடுத்த மாரியையும் நனைந்தே கழிக்கப் போகின்றன.

அன்றைக்குத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது மச்சான் வாசல் கேற்றடியில் நின்றார்.

"என்ட சோத்துல மண்ணப் போட்டுட்டீங்க" என்றார்.

"ஓம்" என்றேன். தட்டு இடிபடாமல் போக வழிவிடச் சொன்னேன். விட்டார்.