படியில் நின்ற தண்ணீர்

"இன்னா மேடம் பாடம் நடத்துறீங்க நீங்க?"

ஸ்டாஃப் ரூமுக்குள் வந்து உட்காராமலேயே அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி இது. பெயர் எஸ்தர். என்னிடம் எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படித்த ஜெபாவின் அம்மா. குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு சண்டைக்கு வந்திருந்தார்.

எனக்கும் சட்டென்று கோபம் வரும். தாம்பரம் பக்கத்துக் கல்லூரிகளில் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியதில் மிச்சம் பி.பி.யும் கோபமும்தான். "சிலபஸ்ல இருக்கிறதைத்தான் நடத்துறேன். முதல்ல உட்காருங்கம்மா" என்றேன்.

"எம்பொண்ணு சர்ச்சுல சாட்சி சொல்லமாட்டேன்னுது. ஏன்டின்னா உங்க அமெரிக்கா பாடத்தைச் சொல்லுது. இதுக்கா ஃபீஸ் கட்டி அனுப்புனேன்? அடுத்த செமஸ்டர் அனுப்பமாட்டேன், சொல்லிட்டேன்."

அடக் கடவுளே! என் சர்வீஸில் காதல், அட்டெண்டன்ஸ், செல்ஃபோன் என்று எல்லாப் பஞ்சாயத்தும் பார்த்திருக்கிறேன். பழைய அமெரிக்க இலக்கியத்துக்காக ஒருவர் சண்டைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பேப்பரை எங்கள் டிபார்ட்மெண்டில் யாரும் தொடமாட்டார்கள். "ரொம்ப டிரை மேடம்" என்று நழுவிவிடுவார்கள். முதல் யூனிட்டில் கதை கிடையாது, காதல் கிடையாது. கப்பலேறிப் போய் அமெரிக்கக் கரையில் குடியேறிய, பியூரிட்டன்கள் என்ற இங்கிலாந்துக் கிறிஸ்தவர்கள் எழுதிய பிரசங்கமும் டைரியும்தான். அவர்கள் ஏன் ஊரை விட்டுப் போனார்கள், எதற்குப் பயந்தார்கள் என்ற சரித்திரம் தெரியாவிட்டால் ஒரு வரிகூடத் தலையில் ஏறாது.

ஒருநாள், அவர்கள் சபையில் உறுப்பினராகச் சேர எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கடவுள் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று சொல்லவேண்டும் என்றேன். வகுப்பு திருதிருவென்று விழித்தது. ஜெபா மட்டும் கை தூக்கினாள்.

"மேடம், அது சாட்சி. எங்க சர்ச்சுல வாராவாரம் சொல்லுவாங்க."

எனக்கு ஒரே சந்தோஷம். அவளையே விளக்கச் சொன்னேன். ஆபத்திலும் நோயிலும் கடவுள் எப்படிக் காப்பாற்றினார் என்று சபையில் எழுந்து சொல்வது, கேட்பவர்கள் "ஸ்தோத்திரம்" என்பது, எல்லாவற்றையும் அழகாகச் சொன்னாள். நடப்பதெல்லாம் கடவுள் செயல் என்று பியூரிட்டன்கள் எழுதியதைப் பற்றி அவளுக்கே செமினார் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்து, "வேற டாபிக் குடுங்க மேடம்" என்று நின்றாள்.

"ஏன், புரியலையா?"

"புரியுது மேடம். அதான் பிரச்சினை."

அடுத்து வந்தவர்தான் எஸ்தர்.

"என்ன சாட்சிம்மா அது?" என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலே மாறிவிட்டது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் அவர்கள் தெருவே முழுகியது. தண்ணீர் இவர் வீட்டு வாசல் வரை வந்தது. இவர் படியில் நின்று ஜெபித்தார். மேல்படியைத் தாண்டி ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வருஷா வருஷம் டிசம்பர் ஸ்தோத்திரக் கூட்டத்தில் அதைச் சொல்வார். இந்த வருஷம் மகள் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்.

"அது இன்னா சோளக் கதை மேடம்? நம்ம சாட்சி அந்தச் சோளக் கதை மாதிரி கீதும்மான்னு சொல்லிட்டு அழுவுது."

சொன்னேன். பியூரிட்டன்கள் பசியோடு கரை இறங்கினார்கள். அங்கே மண்ணுக்கடியில் யாரோ சேமித்து வைத்த சோளம் கிடைத்தது. எடுத்துக்கொண்டார்கள். குடியேறிய இடமும் காலியாகக் கிடந்தது. முன்னால் வந்துபோன கப்பல்காரர்களிடமிருந்து தொற்றிய நோயில் அந்த ஊர்க்காரர்கள் செத்துப்போயிருந்தார்கள். வந்தவர்களோ, கடவுள் நமக்காக எல்லாம் தயார் செய்து வைத்தார் என்று எழுதினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, மனதார நம்பினார்கள் என்றும் சொன்னேன்.

எஸ்தர், "அந்த ஊர்க்காரங்க வூட்ல யாருமே மிஞ்சலையா?" என்று கேட்டார்.

"அந்த ஊர்ல அநேகமா யாரும் இல்லம்மா."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க வூட்டுக்காரர் கொத்தனார் மேடம். வெள்ளத்துக்கு முன்னாடி வருசம் இடிச்ச கட்டட ரப்பிஷைக் கொட்டி வூட்டுத் தரையையும் வாசலையும் ஒசத்திட்டாரு. பக்கத்து வூட்டு சாந்தி அப்பவே சொல்லுச்சு, 'அண்ணா, தண்ணி எங்க பக்கம் திரும்பிடும்'னு. நாங்க காதுல வாங்கல."

சாந்தி தையல்காரர். வெள்ளத்தில் ரெண்டு மெஷினும் போயின. தைக்க வாங்கி வைத்திருந்த ஊர்த் துணியெல்லாம் சேறாகிப்போனது. அதற்கப்புறம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குக் கூலிக்குப் போகிறார். அவரும் அதே சர்ச்தான்.

"அப்போ ஒவ்வொரு வருஷமும் நீங்க சாட்சி சொல்றப்போ..."

"முன் வரிசைலதான் உக்காந்திருக்கும்" என்றார் எஸ்தர். என்னைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

எனக்கு மனசே சரியில்லை. துறைத் தலைவரும் விஷயம் கேள்விப்பட்டு, "மத விஷயம் மேடம், எதுக்கு வம்பு? அந்த யூனிட்டை சட்டுபுட்டுன்னு முடிச்சு விட்டுடுங்க" என்றார். "முடியாது சார்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ஆனாலும் நல்லாப் படிக்கிற ஒரு பெண்ணின் படிப்பு என்னால் கெட்டுவிடுமோ என்ற பயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஜெபாவும் நாலைந்து நாள் வகுப்புக்கு வரவில்லை.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"ஃபீஸ் கட்டிட்டாங்க மேடம் அம்மா."

"அதை விடு. கூட்டத்துல என்ன ஆச்சு?"

எஸ்தரே எழுந்திருக்கிறார். வழக்கம்போல வெள்ளம், ஜெபம், படியில் நின்ற தண்ணீர் என்று சொல்லிக்கொண்டு வந்து பாதியில் நின்றுவிட்டாராம். அப்புறம் முன் வரிசையைப் பார்த்து, "கர்த்தர் என்னைக் காப்பாத்தினது நெசம். ஆனா சாந்தி, எங்க வூட்டுக்கு வரவேண்டிய தண்ணியும் சேர்ந்துதான் உன் வூட்டுக்கு வந்துச்சு. நாங்கதான் திருப்பி வுட்டோம். என்னை மன்னிச்சுடும்மா" என்றிருக்கிறார். சபையில் ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

"சாந்தி என்ன சொன்னாங்க?"

"எழுந்து வந்து அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க மேடம். 'தெரியும்கா. நீ எப்போ சொல்லுவேன்னுதான் வருசா வருசம் முன்னாடி வந்து உக்காந்துகினு இருந்தேன்'னு சொன்னாங்க."

அந்த வாரமே ஜெபா செமினார் கொடுத்தாள். அதற்கு நான் எவ்வளவு மார்க் போட்டேன் என்பது இப்போது நினைவில்லை. காலியாகக் கிடந்த இடத்தின் சொந்தக்காரர்களிடம் போய் மன்னிப்புக் கேட்க, குடியேறியவர்களுக்கு அந்த ஊரில் ஆள் இல்லை. எஸ்தருக்கு அடுத்த வீட்டிலேயே ஆள் இருந்தது. ஆள் இருக்கும்போதே சொல்லிவிடவேண்டும். அமெரிக்க இலக்கியம் நடத்தி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.