துர்மூஷ் தன் பெண்டாட்டியையே மறுபடி மணந்த கதை

நாற்பத்தாறாவது வயதில் ஒருநாள் காலையில்தான், தான் முஸ்லிம் இல்லை என்ற விஷயம் துர்மூஷுக்குத் தெரியவந்தது. சேதியைச் சொன்னவன் தெருக்கோடியில் அடுப்பு வைத்து ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுக் கொடுப்பவன். துர்மூஷ் நீட்டிய மாவுத் தட்டை அவன் வாங்கவில்லை.

"இது முஸ்லிம்களுக்கான அடுப்புண்ணே. நீ போயி பாதிரி வீட்டு அடுப்புல சுட்டுக்க."

"ஏன்டா, நேத்து வரைக்கும் சுட்டுத்தானே குடுத்தே?"

"நேத்து எனக்குத் தெரியாது."

துர்மூஷுக்கு இன்றைக்கும் தெரியாது. துருக்கியில் கெய்சேரி நகருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் அந்த ஊரில், அமெரிக்கப் பாதிரிமார் வளாகத்தின் வாசற்கதவைப் பதினான்கு வருஷமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர் அவர். ஐந்து வேளை தொழுகைக்குப் பூட்டிவிட்டுப் போவார், வந்து திறப்பார். அந்த வளாகத்தின் பெரியவர் பிரெஸ்காட் பாதிரி. துருக்கியரைக் கடைத்தேற்றுவதற்கென்றே கடல் கடந்து வந்தவர். பதினெட்டு வருஷத்தில் ஒரு துருக்கியர்கூடக் கடைத்தேறவில்லை. கிடைத்தவர்கள் எல்லாம் ஆர்மீனியர்கள். அவர்களோ பிரெஸ்காட்டின் பாட்டன்மார் மரத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கியவர்கள். கிறிஸ்தவனைக் கிறிஸ்தவனாக்க இத்தனை கப்பல் செலவு எதற்கென்று அமெரிக்காவில் காணிக்கை போடும் கிழவிகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பாதிரிக்கு அவசரமாக ஒரு துருக்கியர் தேவைப்பட்டார்.

வாசலிலேயே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

போன வருஷம் ஒரு பெருநாளன்று பாதிரி அவருக்கு ஒரு புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தார். துர்மூஷுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அட்டையில் இருந்தவை அரபு எழுத்துகள் என்று தெரிந்தது. அந்த எழுத்து இருக்கும் காகிதம் தெருவில் கிடந்தாலும் எடுத்து முத்தமிட்டு நெற்றியில் வைத்துச் சுவர் இடுக்கில் செருகிவிட்டுப் போவதுதான் அந்த ஊர்ப் பழக்கம். அது குர்ஆன் வசனமா, வரிபாக்கி நோட்டீசா என்று யாரும் பார்ப்பதில்லை. துர்மூஷ் புத்தகத்தை மூன்று முறை முத்தமிட்டார், மூன்று முறை நெற்றியில் வைத்தார். மூன்றாவது முறை பாதிரியின் கேமரா சொடுக்கியது. வீட்டில் ஹவ்வா பூப்போட்ட பையொன்று தைத்து, புத்தகத்தை அதிலிட்டுச் சுவரில் உயரத்தில் மாட்டினாள்.

அந்தப் படம் அமெரிக்கா போய், ஒரு சபைப் பத்திரிகையில் ஏறி, 'சுவிசேஷத்தை முத்தமிட்ட துருக்கியர்' என்ற தலைப்போடு ஊர் திரும்பியது. கொண்டுவந்தவன் உள்ளூர்க்காரனான யாக்கூப். அங்கே தோல் பதனிடும் ஆலையில் ஆறு வருஷம் நாறிவிட்டு, ஒரு தங்கப் பல்லோடு வந்தவன். காப்பிக்கடையில் பத்திரிகையை விரித்து அவன் படித்துக் காட்டிய மறுநாள்தான் ரொட்டி அடுப்பு அணைந்தது.

சாதிக் ஹோஜா தீர்ப்புச் சொன்னார். பள்ளிவாசல் இமாம் அவர். சட்டத்தை நன்றாகக் கற்றவர், மனிதர்களைக் கற்க நேரம் கிடைக்காதவர். "ஈமான்ங்கிற நம்பிக்கை போச்சுன்னா நிக்காஹும் போச்சு. ஹவ்வா இப்ப உனக்கு அந்நியப் பொம்பளை. பாதிரி வேலைய விடு. வெள்ளிக்கிழமை ஜமாத் முன்னாடி 'நான் காஃபிராயிட்டேன், திரும்பி வந்துட்டேன்'னு சொல்லு. அதுவரைக்கும் அந்த வீட்டுல கால் வைக்கக் கூடாது."

"ஆகாததை ஆனேன்னு எப்படி ஹோஜா சொல்றது? வேலைய விட்டா ஒருவேளைக் கஞ்சிக்கு எங்க போவேன்?"

"அதை முத்தம் குடுக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

துர்மூஷ் பாயைச் சுருட்டிக்கொண்டு பாதிரி வளாகத்து வாசல் அறைக்குப் போனார். காலையில் அவர் அங்கே குந்தியிருந்ததைப் பார்த்துப் பாதிரி விசாரித்தார். விஷயம் கேட்டதும் கண் கலங்கினார். "நீதியினிமித்தம் துன்பப்படுகிறவர்கள் பாக்கியவான்கள், துர்மூஷ்!"

"பாக்கியம் இருக்கட்டும் எஃபெந்தி. நான் மதம் மாறலைன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க, போதும்."

பாதிரி உள்ளே போனார். கடுதாசி எடுக்கத்தான் போகிறார் என்று துர்மூஷ் நினைத்தார். அவர் கேமராவை எடுத்துக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை ஹவ்வாவே வளாகத்து வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. துர்மூஷ் இப்போது அந்நிய ஆணல்லவா, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அறிவு கெட்ட மனுஷா, என்ன புத்தகம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நம்ம எழுத்து மாதிரி இருந்துச்சு ஹவ்வா."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பெருநாளன்னிக்கு நானும் முத்தம் குடுத்தேன், நம்ம புள்ள ஜெலிஹாவும் குடுத்தா. அப்படிப் பாத்தா வீடே காஃபிர் வீடுதான். ரெண்டு காஃபிருக்குள்ள நிக்காஹ் செல்லுமான்னு அந்த ஹோஜாகிட்ட கேளு." பிறகு, "இல்ல, நானே கேக்குறேன்" என்று நடந்தாள்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆண்கள் முற்றத்துக்கு வந்தபோது ஹவ்வா வாசற்படியருகே நின்றிருந்தாள், கையில் பூப்போட்ட பை. துர்மூஷ் ஓரமாகத் தலை குனிந்து நின்றார்.

"ஹோஜா, இது எங்க வீட்டுச் சுவத்துல தொங்கிட்டிருந்த புத்தகம். இதுல கை வச்சு இவரு சத்தியம் பண்ணட்டும்."

ஹோஜா பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அட்டையில் எழுத்தைக் கண்டதும் கை தானாக உயர்ந்தது. மூன்று முத்தம், மூன்று நெற்றி. பக்கத்திலிருந்த, பாங்கு சொல்லும் மோதினார் கை நீட்டி வாங்கினார், மூன்று முத்தம். அடுத்தது யாக்கூப். தங்கப் பல் பளிச்சிட அவனும் முத்தமிட்டுப் பயபக்தியோடு ஹோஜாவிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இப்பத் திறந்து படிங்க, ஹோஜா" என்றாள் ஹவ்வா.

ஹோஜா திறந்தார். படிக்கத் தெரிந்தவர், முதல் வரியிலேயே முகம் சுண்ணாம்பாயிற்று.

"உங்க நிக்காஹும் போச்சுன்னு உங்க வீட்டம்மாகிட்ட நான் சொல்லிடவா, இல்ல நீங்களே சொல்றீங்களா? மோதினார் வீட்டம்மா எனக்குப் பக்கத்து வீடுதான்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். யாக்கூப் மட்டும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஹோஜா கனைத்தார். தெரியாமல் செய்தது குற்றமாகாது என்று அவர் படித்த சட்டத்தில் ஒரு பக்கம் இருந்தது. ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த அந்தப் பக்கம் இப்போது நினைவுக்கு வந்துவிட்டது. இருந்தாலும் எதற்கும் முன்னெச்சரிக்கையாக, வருகிற வியாழன் மாலை பள்ளிவாசல் வட்டாரத்து ஆண்கள் எல்லாரும் சேர்ந்து ஈமானையும் நிக்காஹையும் புதுப்பித்துக்கொள்வோம் என்று அறிவித்தார். எல்லாரும் பெண்டாட்டியிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு வரவேண்டும். துர்மூஷ் தனியாக எதையும் சொல்லவேண்டியதில்லை, வேலையையும் விடவேண்டியதில்லை.

வியாழன் காலை எழுபது ஆண்கள் எழுபது கதவுக்கு வெளியே நின்று சம்மதம் கேட்டார்கள். அறுபத்தொன்பது பேருக்கு உடனே கிடைத்தது.

"எனக்குச் சம்மதமில்ல" என்றாள் ஹவ்வா உள்ளிருந்து.

"அடியே, ஊரே காத்திட்டிருக்கு!"

"ஜெலிஹா படிக்கப் போகணும். இனிமே இந்த வீட்டுல எந்தக் காகிதத்தையும் என்னான்னு தெரியாம யாரும் முத்தம் குடுக்கக் கூடாது."

"பொட்டப்புள்ளைக்குப் பள்ளிக்கூடம் பாதிரிகிட்டத்தான் இருக்கு! மறுபடியும் அங்கேயா?"

"ஹோஜா ஒண்ணு கட்டட்டும், அங்க அனுப்புறேன். கட்டுவாரா?"

துர்மூஷ் பள்ளிவாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். சரி என்றார். சம்மதம் கிடைத்தது. மாலை வாசற்கதவைப் பூட்டிவிட்டுப் போய், இருபது வருஷமாகத் தன்னோடு வாழ்ந்தவளையே மணந்துகொண்டு வந்தார். பள்ளிவாசலுக்கு அத்தனை ஆண்கள் மொத்தமாகப் போவதைச் சன்னலிலிருந்து பார்த்த பாதிரி, 'இந்த ஊர் முகம்மதியரிடையே பெரும் ஆன்மிக எழுச்சி' என்று அமெரிக்காவுக்கு எழுதினார்.

அடுத்த வருஷம் ஜெலிஹா பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி முதல் பக்கத்தைப் படித்தாள். யார் யாருடைய மகன் என்ற பட்டியல் அது. இப்ராஹிம், இஸ்ஹாக், யாக்கூப்...

துர்மூஷ் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். "இவங்கல்லாம் நம்ம குர்ஆன்ல வர்ற ஆளுங்கதானே? இதுக்கா என்னை வாசல்ல படுக்க வச்சாங்க?"

"படிக்கத் தெரியாததுக்கு" என்றாள் ஹவ்வா. "மேல படிடி."