சுமாத்திராவுக்கும் வியட்நாமுக்கும் நடுவில் நான்

கியூபெக்கின் சென்ட் லோரன்டில் விமானத்துக்கு உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை. செய்து வருகிற பாகங்களை அளந்து பார்க்கிற மேசையில் மூன்று பேர் இருந்தோம். வலப்பக்கம் வியட்நாம் மலைநாட்டுப் பெண்; தகப்பனுக்குக் கோப்பித் தோட்டம். இடப்பக்கம் சுமாத்திராக்காரர், அவருடைய மாமனாருக்கும் கோப்பித் தோட்டம். நடுவில் யாழ்ப்பாணத்தான் நான்.

சாப்பாட்டு அறைக் கோப்பி மெஷின் பழுதானதும் இரண்டு பேரும் தங்கள் ஊர்க் கோப்பியைக் கொண்டுவந்தார்கள். அவளுடையதில் ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதை ஊற்றி ரோட்டுப் போடலாம்" என்றார் அவர். அவள் அவருடையதை மணந்து பார்த்து, "நனைந்த சாக்கு" என்றாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அளவுக் கருவியைக்கூட என் வழியாகத்தான் கை மாற்றினார்கள்.

எங்கள் மேலாளர் ஒரு கியூபெக் அம்மா. என்னைக் கூப்பிட்டார். "நீங்கள் இரண்டு ஊருமில்லை. தமிழருக்குக் கோப்பி நன்றாகத் தெரியுமாம். பியர்பொன்ட்ஸில் என் பக்கத்து வீட்டு டொக்டர் சொல்லுவார். வெள்ளிக்கிழமை தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். மெஷின் திருத்தி வந்ததும் அந்தக் கோப்பியையே வாங்குவோம்."

டொக்டர் சென்னைக்காரர் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் கோப்பி என்றால் தடிமன் காய்ச்சலுக்கு, மல்லியும் சுக்கும் போட்டு. மற்றப்படி தேத்தண்ணிதான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலாளர் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

"ரெண்டும் நல்லம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன்" என்றாள் மனைவி.

"அப்பிடிச் சொன்னா ரெண்டு பேரும் என்னோடயும் கதைக்கமாட்டினம்."

அந்தக் கிழமை முழுக்க எனக்குப் பாடம் நடந்தது. சுமாத்திராக்காரர் தன் கோப்பியை ஊற்றித் தந்து சொன்னார்: "எங்கள் மலையில் மழை விடாது. கொட்டை நன்றாகக் காய வெயில் எங்கே? பாதி ஈரத்திலேயே மேல்கோதை உடைத்துவிடுவோம். அந்த மண்வாசம் அப்படி வருகிறது. அது குறையில்லை."

அவர் போனதும் அவள் வந்தாள். "எங்கள் மேட்டுநிலம் அவ்வளவு உயரமில்லை, வெக்கை. நோஞ்சான் இனம் அங்கே தாங்காது. ரொபஸ்டா என்கிற முரட்டு இனம் செம்மண்ணில் செழித்து நிற்கும். கசப்பு அதன் குணம். இனிப்பு ரின்பால் விட்டுக் குடித்துப் பாருங்கள்." குடித்தேன். இன்னொன்று தந்தாள். அதையும் குடித்தேன். பின்னேரம் என் கை நடுங்கியதில், நான் அளந்த பாகங்களை எல்லாம் மற்றவர்கள் திரும்ப அளந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு அறையில் கூட்டம். முதலில் சுமாத்திராவைக் குடித்தேன். "தடிப்பான கோப்பி. புளிப்பே இல்லை. காய்ந்த நிலத்தில் முதல் மழை விழுந்த மாதிரி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"மண் என்கிறார்" என்று அவள் சிரித்தாள்.

அடுத்தது அவளுடையது. "நல்ல வீரியம். கொஞ்சம் தீய்ந்த கொக்கோ மணம். கசாயம் குடித்தது போலத் தெம்பாக இருக்கிறது."

சிரிப்பு நின்றுவிட்டது. "கசாயமா?"

"நல்ல கசாயம்" என்றேன்.

மேலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். "சரி, எது?"

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். பதற்றத்தில் உண்மை வந்துவிட்டது. "கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டால் இரண்டுமே..."

சுமாத்திராக்காரர் மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் வீட்டில் என்ன கோப்பி குடிக்கிறீர்கள்?"

"தேத்தண்ணி."

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். "இஞ்சியாம்" என்றாள் அவள். "கேட்டேன்" என்றார் அவர். ஒரு கிழமைக்குப் பிறகு அவர்கள் முதல்முதலாகப் பேசிக்கொண்டது அதுதான். பிறகு இரண்டு பேரும் ஒரு மூலைக்குப் போய், கோப்பித் தோட்டத்தையே காணாதவர்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

திங்கட்கிழமை இரண்டு தூளையும் கலந்து ஊற்றினார்கள். வாசம் அவருடையது, பலம் அவளுடையது. எனக்கும் ஒரு கோப்பை வந்தது. உண்மையிலேயே பிடித்துப்போய், "மிகவும் நன்றாக இருக்கிறது" என்றேன்.

"உங்களிடம் யாரும் கேட்கவில்லை" என்றாள் அவள்.