கோட்லி நிறுத்தத்தின் ஒரே பயணி

எங்கள் பக்கத்து ரயிலில் டிக்கெட் வாங்க வேண்டுமென்றால் முதலில், ஓடும் ரயிலிலேயே டிக்கெட் கொடுக்கும் கார்டு டெஸ்மண்ட் இன்ஸ்கிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். கோட்லி நிறுத்தம் நெருங்கினால் போதும், மனிதர் இரண்டாவது பெட்டியின் மூலைக்குப் போய் சன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெளியே ஒன்றும் இருக்காது. செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளம், அதில் தேங்கிய தண்ணீர், தண்ணீரில் நாலு வாத்து. ஒரு மனிதர் வருடக்கணக்காக அதே வாத்துகளை அவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறார் என்றால் விஷயம் வாத்தில் இல்லை. ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டால் காசு கேட்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

சூளை மூடிய வருடம் அவர் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா, சித்தப்பா, அடுத்த வீடு, எதிர் வீடு என்று எல்லாருக்கும் ஒரே வெள்ளிக்கிழமையில் வேலை போயிற்று. திங்கட்கிழமை காலை அத்தனை பேரும் பெட்ஃபோர்டுக்கு வேலை தேடக் கிளம்பி ரயிலேறினார்கள். உள்ளே மடிப்புக் கலையாத சீருடையில், தோளில் புது டிக்கெட் இயந்திரத்தோடு டெஸ்மண்ட். முதல் ஆளாக அவருடைய அப்பாவே ஏறினார். ஏறியவர் பையைத் துழாவிக்கொண்டு நின்றதைப் பார்த்த டெஸ்மண்ட், "அப்புறம் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாத்து பார்க்கப் போய்விட்டார். அந்த அப்புறம் கடைசிவரை வரவில்லை.

ஊர்க்காரர்களுக்கும் ரோஷம் இருந்தது. கார்டு உட்காரும் மடக்கு இருக்கையில் முட்டை இருக்கும், அவரைக்காய் இருக்கும், பிளம் ஜாம் பாட்டில் இருக்கும். சிரில் ஓடெல் ஒரு தடவை கைக்குழந்தை அளவுக்கு ஒரு சுரைக்காயைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதுக்கு எவ்வளவு தூரம் போலாம் டெஸ்?"

"ஸ்காட்லாந்து வரைக்கும் போலாம். ஆனா திரும்பி வர இன்னொன்னு வேணும்."

இப்படியே வேலை கிடைத்தவர்களும் போனார்கள், கிடைக்காதவர்களும் போனார்கள், அவர்கள் பிள்ளைகளும் போனார்கள். டிக்கெட் என்ற பேச்சே இல்லை. கோட்லியில் டிக்கெட் கேட்டு வாங்கிய ஒரே ஆள் டெஸ்மண்டின் மகள் பிரையனி.

பிரையனிக்கு முப்பது தாண்டிவிட்டது. பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்தவள். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது அவளுக்கு மலையேறுவது மாதிரி. கற்றுக்கொண்டதை விடவும் மாட்டாள். தாய் போன பிறகு, மூன்று நிறுத்தம் தள்ளியிருந்த நாற்றுப் பண்ணையில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. தொட்டியில் மண் நிரப்பி நாற்று ஊன்ற வேண்டும். ஆனால் தனியாகப் போக வேண்டும். டெஸ்மண்ட் தம் விடுமுறை நாளையெல்லாம் அதற்கே செலவழித்தார். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில். ரயில் தெரிந்ததும் கையை நேராக நீட்டு. கோட்லியில் ரயில் தானாக நிற்காது. கையை நீட்டினால்தான் ஓட்டுநர் நிறுத்துவார். ஏறு. டிக்கெட் வாங்கு. மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கு. இரண்டு வருடம் ஆயிற்று. ஒரு நாள் காலை அவரில்லாமலே போய், அவரில்லாமலே திரும்பி வந்தாள். அன்று டெஸ்மண்ட் கொல்லைப்பக்கக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சளி என்று சொன்னார். ஊரும் நம்பியது மாதிரி இருந்துகொண்டது.

அவள் கை நீட்டும் அழகே தனி. முழங்கை மடங்காது. ராணி ஊர்வலத்தையே நிறுத்தப் போகிறவள் மாதிரி நிற்பாள். அவ்வளவு பெரிய ரயில் தன் கைக்காக நிற்கிறது என்ற கர்வம் முகத்தில் வழியும். ஏறியதும் அப்பாவாக இருந்தாலும், "ஒண்ணு குடுங்க, போக வர" என்பாள். டெஸ்மண்டும் இயந்திரத்தைத் தட்டி டிக்கெட்டை எடுத்து நீட்டுவார். அவள் காசு கொடுப்பாள், அவர் வாங்கிக்கொள்வார். டிக்கெட்டைத் தொப்பி நாடாவில் செருகிக்கொள்வாள்.

அப்புறம்தான் தீம் பார்க் பேச்சு கிளம்பியது. பழைய சூளை நிலம் முழுவதையும் ஒரு பெரிய கம்பெனி வாங்கப் போகிறதாம். ஊர் கொஞ்சம் குஷியாகத்தான் இருந்தது. சூளைப் புகையை மூச்சில் வாங்கி வளர்ந்தவர்களுக்குப் பஞ்சுமிட்டாய் வாசனை கசக்குமா? கருத்துக் கேட்பு என்று ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சுற்றிலும் பலகைகள், நடுவில் மேசை நிறைய விரித்த ஒரு வரைபடம், டீ, பிஸ்கட். போக்குவரத்துத் திட்டத்தை விளக்க இமோஜென் என்ற பெண் வந்திருந்தாள். வயது இருபத்தைந்து இருந்தால் அதிகம். யார் எதைக் கேட்டாலும் கோபப்படாமல் பதில் சொன்னாள்.

சிரில் ஓடெல் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எங்க ஊரை எங்கம்மா காணோம்?"

"நீங்க டீ கப் வச்சிருக்கீங்களே சார், அதுக்குக் கீழ."

கூடம் சிரித்தது. சிரில் கப்பைத் தூக்கினார். அடியில் கோட்லி ஈரமாக இருந்தது. ரயில் பாதை அதன் வழியாக நேராகப் போய், பூங்கா வாசலில் ஒரு பெரிய நிலையத்தில் முடிந்தது.

"எங்க ஸ்டேஷனுக்குப் புள்ளி வைக்க மறந்துட்டியே."

இமோஜென் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பார்க்குக்கு வர்ற கூட்டத்துக்கு வேகமான ரயில் விடணும். வழியில நிறைய இடத்துல நின்னா அது முடியாது. அதனால சின்ன நிறுத்தங்களையெல்லாம் சேர்த்து ஒரே நிலையமா ஆக்கறோம். இங்கிருந்து அதுக்கு பஸ் விடுவோம்."

"எங்களைக் கேக்காமயா?"

"கேக்கத்தான் வந்திருக்கோம். ஆனா ரயில்வே குடுத்த கணக்கைப் பார்த்தா... டிக்கெட் வித்ததை வச்சுத்தான் எண்ணுவாங்க. போன வருஷம் பூரா கோட்லியில ஏறினது, சராசரியா நாளைக்கு ஒருத்தர்."

யாரோ பிஸ்கட் கடித்த சத்தம் கேட்டது.

"ஒருத்தரா?" என்றார் சிரில்.

பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. நேராக, முழங்கை மடங்காமல்.

"அது நான்தான்!" என்றாள் பிரையனி.

முகம் முழுக்கச் சிரிப்பு. தன்னைப் பற்றி வெளியூர்ப் பெண் கூட்டத்தில் சொல்கிறாள், அதுவும் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்ற பெருமை. சிரில் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு தலையாக டெஸ்மண்ட் பக்கம் திரும்பியது. அவர் சன்னலைத் தேடினார். அங்கே கார் நிறுத்துமிடம்தான் தெரிந்தது. பார்க்க ஒரு வாத்துகூட இல்லை.

கூட்டம் கலைந்தபின் பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த இமோஜெனிடம் போனார்.

"அந்தக் கணக்கு தப்பும்மா."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான்தான் கார்டு. யாருக்கும் டிக்கெட் குடுக்கல. ஊரே போய் வந்துச்சு. நான் குடுக்கல."

அவள் பலகையைக் கீழே வைத்தாள். "எத்தனை பேர் போனாங்கன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

"ஜாம் பாட்டில் இருக்கு. காலி பாட்டில்."

அவள் சிரிக்கவில்லை. "இதை ரயில்வேல நீங்களே போய்ச் சொல்லணும். அவங்க ஒத்துக்கிட்டா, மறுபடி எண்ணச் சொல்லி நான் கேக்கறேன். ஆனா உங்க வேலை போயிடலாம்."

"போகட்டும். அந்த ஒரு வழிதான் எம் பொண்ணுக்குத் தெரியும். இன்னொண்ணு கத்துக்குடுக்க எனக்கும் வயசில்ல."

மறுநாள் பெட்ஃபோர்டில் மேலாளர் கிரஹாம் முன்னால் போய் நின்றார். கிரஹாமும் ஒரு காலத்தில் கார்டுதான். சிரிலின் சுரைக்காயைச் சமைத்துச் சாப்பிட்டவர். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"டெஸ், நீ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல."

"எழுதிக்கோ கிரஹாம்."

"எழுதினா உன்னை அனுப்பணும். இன்னும் கொஞ்ச நாள்ல பென்ஷன் வருது. அந்தப் பொண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? போய் வண்டியைப் பாரு."

"நீ எனக்கு நல்லது பண்ணாத. தயவுசெஞ்சு பண்ணாத."

"பண்ணுவேன்யா. நீ மட்டும்தான் பண்ணுவியா?"

டெஸ்மண்ட் கெஞ்சினார். மேசையைத் தட்டினார். கிரஹாம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வித்தையை யார் கண்டுபிடித்தது என்று டெஸ்மண்டுக்குத் தெரியும்.

விஷயம் கேள்விப்பட்டதும் ஊர் டிக்கெட் வாங்க ஆரம்பித்தது. போகாதவர்கள் வாங்கினார்கள், படுக்கையில் கிடப்பவர்களுக்கு வாங்கினார்கள். சிரில் தம் நாய்க்கு ஒன்று, அது கடித்த தபால்காரருக்கு ஒன்று வாங்கினார். இயந்திரத்தில் காகிதச் சுருள் தீர்ந்து போகிற அளவுக்கு டெஸ்மண்ட் அடித்துத் தள்ளினார். ஆனால் எடுத்துக்கொண்ட கணக்கு போன வருடத்துக்கானது. இமோஜென் தொலைபேசியில் கூப்பிட்டாள். "கேட்டுப் பார்த்தேன். தப்பு நடந்துச்சுன்னு ரயில்வேல ஒருத்தராவது ஒத்துக்கணுமாம். அப்படி எந்தப் புகாரும் இல்லன்னு சொல்லிட்டாங்க." அவள் குரல் உடைந்திருந்தது. அவளுக்கும் அது முதல் வேலையாக இருக்கலாம்.

தீம் பார்க் இன்னும் வரவில்லை. பழைய சூளை நிலமும் அதைச் சுற்றிப் பலகைவேலியும், வேலியில் வாய் பிளந்து சிரிக்கும் குழந்தைகளின் படமும்தான் இருக்கின்றன. ஆனால் கோட்லி நிறுத்தம் போய்விட்டது. பெஞ்சைப் பிடுங்கினார்கள், விளக்கைக் கழற்றினார்கள், நடைமேடை ஓரமாகக் கம்பி வேலி போட்டார்கள்.

டெஸ்மண்ட் விடுப்பு போட்டு பிரையனியைப் பஸ்ஸில் புது நிலையத்துக்குக் கூட்டிப்போனார். பளபளவென்று இருந்தது. மஞ்சள் கோடுகூட இருந்தது. பிரையனி பின்னால் நின்றாள், ரயில் வருவதைப் பார்த்தாள், கையை எடுப்பதற்குள் அது தானாகவே வந்து நின்றுவிட்டது. அங்கே எல்லா ரயிலும் நிற்கும். அவள் ஓரடி பின்னால் போனாள்.

"இது நம்ம ரயில் இல்லப்பா."

"நம்மதுதான் பிரை. ஏறு."

"நான் இன்னும் கையே நீட்டல. எனக்கு இல்ல, வேற யாருக்கோ நின்னிருக்கு."

அன்றும் ஏறவில்லை, அடுத்த வாரமும் ஏறவில்லை. நாற்றுப் பண்ணைக்காரர் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திக் கூப்பிட்டார். கார் என்பது அவள் கற்ற பாடத்தில் இல்லை. அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? வசந்தகால நாற்றுகள் காத்திருக்குமா? வேறு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் பிரையனி வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. காலையில் தொப்பி போட்டுக்கொண்டு, சாண்ட்விச் டப்பாவை எடுத்துக்கொண்டு கோட்லிக்குப் போய்க் கம்பி வேலிக்குப் பின்னால் நிற்பாள். தனியாக விடக்கூடாது என்று சிரில் கூட நிற்பார். அந்த ரயிலில் டெஸ்மண்ட்தான் கார்டு. மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அந்த ஒரு நொடியாவது அவளைப் பார்க்கலாமே என்று கேட்கவில்லை.

வளைவு தாண்டியதும் அவளுடைய கை தெரியும். ரயில் வேகம் குறைக்காது. ஓட்டுநர் ரொக்கோ ஊதலை மட்டும் நீளமாக அடிப்பார்; அதற்கு மேல் அவருக்கும் அனுமதி இல்லை. டெஸ்மண்ட் மூலைக்குப் போகமாட்டார், வாத்து பார்க்கமாட்டார். கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்பார். தொப்பி, கை, பக்கத்தில் சிரிலின் நீட்டிய கைத்தடி. அதுவும் போய்விடும். ஒருநாள் இயந்திரத்தில் அவளுக்கு டிக்கெட் எடுக்கப் பார்த்தார். ஊர்ப் பட்டியலில் கோட்லி இல்லை.

"நீங்க ஏன் தடியை நீட்டறீங்க?" என்று ஊரில் ஒருத்தி கேட்டதற்கு சிரில் சொன்னார்: "ஒத்தக் கை பத்தலையோ என்னவோ."

நேற்றுச் சாயங்காலம் டெஸ்மண்ட் வீட்டுக்கு வந்தபோது பிரையனி சமையலறையில் உட்கார்ந்து, தின்னாத சாண்ட்விச்சைத் திரும்ப எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

"அப்பா, உள்ளதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன் பிரை."

"சரியா நீட்டினேனா?"

"நல்லா நீட்டின. யாராலயும் அப்படி நீட்ட முடியாது."

அவள் யோசித்தாள். கெட்டில் கொதித்து விசிலடித்தது. அவர் அதை இறக்காமலே நின்றார்.

"அப்ப நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஒசத்தி நீட்டறேன்" என்றாள்.