இருவருக்கு ஒரு வேலை

நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் செல்போன் சார்ஜர் செய்தார்கள். பெல்ட்டின் இந்தப் பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவள். வருகிற சார்ஜரை நான் சொருகிச் சோதித்துத் தள்ளுவேன். அவள் எடுத்து, கீறலோ வெடிப்போ இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பாள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். பார்க்கக் கிடைப்பது கண் மட்டும்தான். பல வருடம் அப்படி எதிரெதிரே நின்றதில், அவளுக்குப் பசியா, இடுப்பு வலியா, வீட்டில் சண்டையா என்பதெல்லாம் அந்தக் கண்ணைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும்.

அவள் பிள்ளைப்பாக்கத்துக்காரி. நான் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தவள். மேலே இருப்பவர்களிடம் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். லீவு கேட்பதாக இருந்தாலும், ஓ.டி. வேண்டாம் என்பதாக இருந்தாலும், அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். என் மகன் வயிற்றில் இருந்த மாதங்களில், என் கால் வீங்கிய நாட்களில், சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் என் இடத்துக்கு வந்து என் வேலையையும் அவள் செய்தாள்.

ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் கேன்டீனிலேயே இருக்கச் சொன்னார்கள். ஆர்டர் வேறு ஊருக்குப் போகிறது, லைன்களை மூடுகிறோம் என்று மைக்கில் அறிவித்தார்கள். யாரும் அழவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி அடுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தோம்.

அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே அலைந்தோம். பெரும்பாலும் உள்ளேகூட விடவில்லை. கேட்டில் செக்யூரிட்டியே வயதைக் கேட்டார். சொன்னதும் தலையை ஆட்டினார். சின்னப் பெண்களைத்தான் எடுக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, அது அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது.

தண்டலம் பக்கத்தில் ஒரு சர்ச் ஹாலில், வேலை போனவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் ஒரு உதவி மையம் நடப்பதாகப் பஸ் ஸ்டாப்பில் கேள்விப்பட்டோம். சர்ச் ஆட்கள் சிலரும் ஊர் மகளிர் குழுவும் சேர்ந்து அதை நடத்தினார்கள். பயோடேட்டா அடித்துக் கொடுப்பார்கள். கம்பெனிகளுக்குப் போன் போட்டு இடம் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். இன்டர்வியூவில் பேசப் பழக்குவார்கள். அங்கே எங்களைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு அக்கா. முன்பு ஒரு கம்பெனியில் ஹெச்.ஆராக இருந்தவர். உள்ளே உட்கார்ந்து கேள்வி கேட்பவர்களின் மனசு அவருக்குத் தெரியும்.

முதல் நாள் அவளை எதிரே உட்காரவைத்து, பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று அக்கா கேட்டார். நான் பதில் சொன்னேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நான் அவங்களத்தான்மா கேட்டேன்."

அவள் புடவை முந்தானையைச் விரலில் சுருட்டினாள். பிறகு, "நாங்க எங்க மேடம் வுட்டோம்? அதுதான் எங்கள வுட்டுட்சி" என்றாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தார். அப்புறம், இதையே தலை நிமிர்ந்து சொல்லுங்கள் என்றார். இந்தக் கேள்வி வந்தாலே திருடி மாட்டிக்கொண்ட மாதிரி நிறையப் பேர் குனிந்துவிடுகிறார்கள், கம்பெனி மூடியது உங்கள் தப்பில்லை என்றார். நானும் அதுவரை குனிந்துதான் இருந்திருக்கிறேன். வேலை போனதை ஊரில் இருந்த என் அம்மாவிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரகடத்தில் ஒரு இடம் வந்தது. கார் உதிரிபாகங்களைச் சரிபார்த்துப் பேக் செய்கிற வேலை. வயதைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள், ஆனால் ஒரே ஒரு ஆள்தான் வேண்டும். கண்ணால் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவளுக்குக் கைவந்த வேலை என்பதால் அக்கா அவளை அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. வேலை அவளுக்குப் பிடித்திருந்தது, அவளையும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. ரோட்டுக்கு வந்த பிறகுதான் மீதியைச் சொன்னாள்.

"என் கூட இன்னொருத்தி வெளிய குந்திக்கினு கீறா, அவளையும் எட்த்துக்கினீங்கன்னா நாளைக்கே வந்துட்றோம்னு சொல்லிட்டேன்."

அதற்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். போன் பண்ணுவதாகச் சொன்னார்களாம்.

போன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஹாலுக்குப் போனபோது, வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று அக்கா சொன்னார். சத்தம் போடவில்லை. அந்த ஒரு இடத்துக்காக எத்தனை முறை கெஞ்சினேன், இனி அங்கே இன்னொருவருக்காகக் கேட்க எனக்கே தயக்கமாக இருக்கும் என்றார். அவள் தரையைப் பார்த்தாள். வழக்கம்போல நான் பேச வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க சிநேகிதத்த நான் குறை சொல்லலம்மா. ஆனா ஒரு இடம் இருந்தா ஒருத்தர்தான் போக முடியும். ஒருத்தர் உள்ள போனாதான் அடுத்தவங்களுக்கும் கேக்க முடியும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். ஒரகடத்து இன்டர்வியூ நாற்காலியில் அவளுக்குப் பதில் நான் உட்கார்ந்திருந்தால், வெளியே காத்திருக்கும் அவளைப் பற்றிச் சொல்லியிருப்பேனா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

அடுத்த இடம் வந்தபோது நான் கூட வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

"நீ வராம நான் இன்னாத்த பேசுவேன்?" என்றாள்.

அன்றைக்கு அக்காவிடம் பேசினாயே, அந்த மாதிரி பேசு என்றேன். அவள் தனியாகப் பஸ் ஏறினாள். நான் ஹாலில் அக்காவுக்கு உதவியாக, மையத்தில் பெயர் கொடுத்திருந்த பெண்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். யாரிடம் என்ன பேசினேன் என்பது ஒன்றும் நினைவில்லை. மனசெல்லாம் அவள் போன கம்பெனியின் கேட்டில்தான் இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தாள். நேராகப் போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

"கெட்ச்சிட்சிடி" என்றாள்.

அக்கா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான், "உள்ள என்ன கேட்டாங்க?" என்றேன்.

"இன்னான்னாவோ கேட்டாங்க. சொன்னேன்."

உள்ளே எப்படிப் பேசினாள் என்ற மீதியையும் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை, அதில் சொல்ல ஒன்றுமிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷம் மட்டும்தானா என்றால், இல்லை.

எனக்குக் கிடைக்க இன்னும் பல மாதம் ஆனது. இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார்கள். அக்கா விடவில்லை. கடைசியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். சேர்ந்த நாள் கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்தபோதுதான், இத்தனை வருட வேலையில் ஒருமுறைகூட நான் தனியாகச் சாப்பிட்டதில்லை என்று உறைத்தது. எதிரே இருந்த பெண் ஊறுகாயை நகர்த்தி வைத்தாள். எடுத்துக்கொண்டேன்.

ஷிப்ட் ஒத்துவரும் வாரங்களில் இப்போதும் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அவளும் நானும் டீ குடிப்போம். முன்பெல்லாம் நான் பேச அவள் கேட்பாள். இப்போது அவள் நிறுத்தாமல் பேசுகிறாள். லைனில் யார் யாரோடு சண்டை, எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம், லீவு தரமாட்டேன் என்ற சூப்பர்வைசரிடம் என்ன சொன்னாள் என்று ஒவ்வொன்றாக வரும். அவள் சொல்கிற ஆட்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.