கண்டம் மோட்டார்

எங்கள் பட்டறைக்கு வந்த கம்பெனிக்காரரை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. பிளாக்செயின் என்ற சொல்லை எனக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், எலக்ட்ரிகல் டிப்ளமா. அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழைய மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியில் காயில் கட்டி, பேரிங் மாற்றுவது அண்ணன். சோதித்து விலை சொல்வது நான். இனி விலையை அவர்களுடைய ஆப் சொல்லுமாம். மோட்டாரின் பூர்வீகத்தைப் பதிந்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வாங்குகிறவர் அதில் போனைக் காட்டினால் எல்லாம் தெரியும். ஏறிய பதிவை எவராலும் அழிக்க முடியாது, அதனால் பழைய சரக்கையும் ஜனங்கள் நம்பி வாங்குவார்கள் என்றார்.

"இது எங்கேர்ந்து வந்தது?" என்று ஒரு மோட்டாரைக் காட்டி அண்ணனைக் கேட்டார்.

"மைன்ஸ் கண்டம்ங்க."

'கண்டெம்ன்ட்' என்ற இங்கிலீஷ் சொல் எங்கள் வாயில் தேய்ந்தது அது; நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து ஏலத்தில் வெளியே வரும் எல்லாமே கண்டம்தான். எங்கள் வீட்டு பீரோ கண்டம். நான் உட்கார்ந்து படித்த நாற்காலி கண்டம். அவரோ 'உபயோகத்துக்கு லாயக்கற்றது' என்று ஆப்பில் ஏற்றிவிட்டார். ஆப் இரும்பு விலை காட்டியது.

"சார், ஓடிக்கினு இருந்த மோட்டாருங்க!" அண்ணன் பதறினான்.

"மாத்துங்க," என்றேன்.

"முடியாதும்மா. கீழே இன்னொரு வரி சேர்க்கலாம். ஆனா மோசமான வரியை வச்சுத்தான் விலை வரும்."

"உங்க தப்புக்கு எங்க மோட்டார் ஏன் சாகணும்?"

"டிப்ளமாவா?" சிரித்தார். "சிஸ்டம் புரியக் கொஞ்ச நாளாகும்."

சோதித்த விவரத்தை நானே கீழே சேர்த்தேன். அடுத்த வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு ரைஸ்மில்காரர் வந்து ஸ்டிக்கரில் போனைக் காட்டினார்.

"ஒண்ணு லாயக்கில்லன்னுது, ஒண்ணு நல்லாருக்குன்னுது. எதும்மா பொய்யி?"

"மேலே இருக்கிறதுங்க."

"கீழ இருக்கறத யாரு எழுதனா?"

"நான்தான்."

"விக்கறவளேவா? நல்லாருக்கு போ!"

ஓட்டிக் காட்டினேன். நடுக்கமில்லாமல் ஓடியது.

"இன்னிக்கு ஓடும். போன்ல இருக்கற விலைக்குத் தூக்கிக்கினு போறேன்."

வந்த ஆளை விட மனமில்லாமல் அண்ணன் மோட்டாரைத் தூக்கச் சங்கிலியை மாட்டக் குனிந்தான். அவன் கையைத் தட்டிவிட்டேன். "இரும்பு வேணும்னா இரும்புக்கடைக்குப் போங்க," என்றேன். வாய்தான் பெரிது, வியாபாரம் விளங்காது என்று சபித்துவிட்டுப் போனார். அண்ணன் சங்கிலியை மூலையில் வீசினான்.

கம்பெனிக்காரர் மறுபடி ஸ்டிக்கர்களோடு வந்தபோது அந்த மோட்டாரில்தான் எங்கள் லேத் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை. விழ வேண்டுமென்று நான் நினைக்கவுமில்லை.