கஞ்சியில் இருந்த இறால்

என் மகள் முதன்முதலாக நோன்பு பிடித்த அன்றைக்கு அவள் உயிர் போகப் பார்த்தது. காரணம் வேறு யாருமில்லை, பெற்ற தகப்பன் நான்தான்.

சகோதரர்களே, அது மூன்று வருடத்துக்கு முன்னால், எண்பத்து நான்காம் வருட ரமலான். சுங்கை பஞ்சாங்கில் எனக்குச் சாப்பாட்டுக் கடை. ஹமீதாவுக்கு ஏழு வயது. இரண்டு வருடமாகவே அடிக்கடி உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கும். தொழுகைக்குத் தொழுகை அவளுக்காகக் கையேந்தினேன். நோன்புக்கு முன்னால்தான் கிளினிக் டாக்டரம்மா, "இந்தப் பிள்ளைக்கு இறால் ஆகாது, பொடியாகக்கூட வேண்டாம்" என்று சொன்னார். என் மனைவி ஜைனம்பு அன்றே வீட்டிலிருந்த இறால், இறாலை அரைத்துச் செய்த பெலாச்சான் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இறால் சம்பல் விற்றுப் பிழைக்கிறவன் பிள்ளைக்கு இறால் ஆகாதா?

பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி என் கடையிலிருந்துதான் போகும். காய்ந்த இறாலை இடித்துப் போட்டால்தான் எங்கள் ஊருக்கு ருசி. பிள்ளைக்கு ஜைனம்பு தனியாக வெறும் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தாள். பாங்கு சொன்னதும் ஹமீதா என் கிண்ணத்தையே பார்த்தாள். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்த பிள்ளை. பரக்கத்தான கஞ்சி, என்ன செய்துவிடும்? ஜைனம்பு அடுக்களைக்குள் போன நேரம் பார்த்து நாலு கரண்டி ஊட்டிவிட்டேன்.

நான் தொழ எழுந்திருப்பதற்குள் உதடு வீங்கிவிட்டது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. "வாப்பா" என்று கூப்பிடப் பார்த்தாள், குரல் வரவில்லை.

வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். கிளினிக் பூட்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். ஊரே நோன்பு திறந்துகொண்டிருந்தது, ரோட்டில் ஈ காக்கை இல்லை. பின்னால் ஜைனம்பு மடியில் பிள்ளையின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. யா அல்லாஹ், என் பிடிவாதத்துக்கு என் பிள்ளையை எடுத்துக்கொள்ளாதே, ஒரு வழி காட்டு. வேறு துஆ எதுவும் வாயில் வரவில்லை.

வழியில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் விளக்கு எரிந்தது. தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் முனியாண்டி அங்கேயே குடியிருப்பவர், என் கடையில் ரொட்டி சாப்பிடுகிறவர். பிள்ளையைப் பார்த்ததும் மூச்சிரைப்பு மருந்தைக் கையில் எடுத்தார்.

"என்னா சாப்பிட்டுச்சு பாய்?"

"வெறுங் கஞ்சிதாங்க. நாந்தான் காய்ச்சினேன்" என்றாள் ஜைனம்பு.

அவள் முன்னால் எப்படிச் சொல்வது?

"வேற ஒண்ணும் இல்லையா? சொல்லுங்க லா பாய், நேரம் இல்ல."

"இறால். நாந்தான் குடுத்தேன்."

ஜைனம்பு என்னைத் திரும்பிப் பார்த்தாள். டிரஸ்ஸர் கையிலிருந்த மருந்தைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வாமைக்கு உள்ள ஊசியைப் போட்டார். நாடியைப் பிடித்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விசில் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"வாப்பா, என் நோன்பு கூடுமா?"

"கூடும்மா, உன் நோன்பு செல்லும்" என்று சொல்லிவிட்டு, வெட்கமில்லாமல் அழுதேன். அல்ஹம்துலில்லாஹ்.

எஸ்டேட் வண்டியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். மறுநாள் காலையில்தான் ஜைனம்பு என்னோடு பேசினாள். "ரெண்டு வருசமா துஆ கேட்டீங்க. டாக்டரம்மா வாயில பதிலு வந்துச்சு. நீங்கதான் காதுல வாங்கல."

அதற்குப் பிறகு பள்ளிவாசல் கஞ்சியில் இறால் கிடையாது. முதல் வாளி டிரஸ்ஸர் வீட்டுக்குப் போகிறது. உங்கள் பிள்ளைகளுக்காகக் கையேந்துங்கள், அவன் கைவிடமாட்டான். ஆனால் பதில் வந்தால் என்னைப் போல் சிரித்துவிடாதீர்கள்.

ஹமீதாவுக்கு இப்போது பத்து வயது. நான் எந்தக் கிண்ணத்தை நீட்டினாலும் வாங்குவதற்கு முன்னால், "இதுல என்னா போட்டீங்க வாப்பா?" என்று கேட்கிறாள். ஒன்று விடாமல் சொல்கிறேன்.